மேல்காற்றுக்கும் வாடைக்கும் நடுவே ஒரு புறவாசல் அடுக்களை: ஐந்து வருஷப் புழக்கத்துக்குப் பின்

திருநெல்வேலிச் சீமையில் வெளியே அடுக்களை போட நினைப்பவர்கள் எடுத்தவுடன் கிரானைட் விலை கேட்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காற்று. ஆனி பிறந்ததும் மேற்கேயிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கிவிடும். தென்காசிப் பக்கம் சாரலோடு வரும்; பாளையங்கோட்டைக்கு வந்து சேர்கையில் ஈரமெல்லாம் போய் வெறும் புழுதிக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும் வடகிழக்கிலிருந்து அடிக்கும். இந்த இரண்டையும் தாங்கினால்தான் அது அடுக்களை, இல்லாவிட்டால் விறகுக் கொட்டகை.

இங்கே சொல்வது 10 அடி நீளம், 8 அடி அகலத்தில் கட்டி, விறகடுப்பு, கேஸ் இரண்டும் வைத்துப் புழங்கியதன் கணக்கு. மேற்கே முழுச் சுவர், வடக்கே 3 அடிக் கட்டைச் சுவர், அதற்கு மேல் சுருட்டி விடுகிற தார்ப்பாய். கிழக்கும் தெற்கும் திறப்பு. விறகடுப்பு தென்கிழக்கு மூலையில். மேல்காற்றில் புகை கிழக்கே போகும், வாடையில் தெற்கே போகும். எந்தப் பருவத்திலும் சமைப்பவர் முகத்தில் அடிக்காது. அக்கினி மூலை என்று ஆசாரி சொன்னால் இந்த ஊரில் மறுக்க வேண்டியதில்லை, காற்றும் அதைத்தான் சொல்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். கிழக்குப் பார்த்த வீட்டுக்குப் புறவாசல் மேற்கே இருக்கும். அங்கே அடுப்பு வைத்தால் ஆனி, ஆடி முழுக்கப் புகை நேரே பட்டாசலுக்குள், அதாவது வீட்டுக் கூடத்துக்குள் வரும்; துணி, மெத்தை எல்லாம் புகை வாடை. அப்படிப்பட்ட வீட்டில் விறகடுப்பை வீட்டின் பக்கவாட்டுக்குக் கொண்டு போய்விடுவதே நல்லது. புகைபோக்கி வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள், பாதிதான் சமாளிக்கும். அஸ்திவாரம் தோண்டும் முன் நினைத்த இடத்தில் மூன்று செங்கல் வைத்து ஈரத் தேங்காய் மட்டையைப் புகைய விட்டுப் பாருங்கள். ஆனியில் காலையும் சாயங்காலமும் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை. பைசா செலவில்லாத பரிசோதனை.

மேற்குச் சுவரை மேலே வரை கெட்டியாகக் கட்டியதுதான் செய்த தப்பு. காற்று கூரையைத் தாண்டி அந்தப் பக்கம் சுழன்று இறங்கிப் புகையை உள்ளேயே திருப்பியது. பிறகு மேடைக்கு மேல் 2 அடி வரை மட்டும் சுவரை விட்டுவிட்டு, அதற்கு மேலே உடைத்து ஓட்டைக்கல் வைத்ததும் சரியானது. ஓட்டைக்கல் காற்றைத் தடுப்பதில்லை, வேகத்தைக் கொல்கிறது. கேஸ் அடுப்பு மட்டத்தில் மட்டும் கெட்டிச் சுவர் கட்டாயம் வேண்டும். காற்றில் தீ அணைந்தால் கேஸ் தொடர்ந்து வெளியேறிக்கொண்டே இருக்கும்.

கூரைக்கு வைரம் பாய்ந்த பனங்கை (பனைமரச் சட்டம்), மேலே மங்களூர் ஓடு. நாலு பக்கமும் 2 அடி இறவாணம் விட்டு, 30 டிகிரிச் சரிவில் சுமார் 270 ஓடு பிடிக்கும். உடைசலுக்கும் சேர்த்து 300 வாங்கலாம். மேற்கு ஓரத்து இரண்டு வரிசையைக் கம்பி போட்டுக் கட்டாவிட்டால் ஆடியில் தூக்கிவிடும். பாபநாசம், குற்றாலம் பக்கமென்றால் குரங்குக்காகக் கூரை முழுக்கவே கட்ட வேண்டும். தகரம் மலிவுதான், சித்திரை மதியம் அதன் கீழே நிற்க முடியாது.

விறகடுப்பைச் சிமென்ட் வைத்துக் கட்டக் கூடாது. கொத்தனார் அதைத்தான் செய்வார். தொடர்ந்து சூடு பட்டால் சிமென்ட் சாந்து பொரிந்து உதிரும். சூளைச் செங்கல்லைக் களிமண் சாந்தில் அடுக்கி, உள்ளே மண் பூச வேண்டும். குளத்துக் களிமண் 3 பங்கு, மணல் 1, உமி 1. இரண்டு நாள் ஊறப்போட்டு மிதித்த மண். வெடிப்பு விழுந்தால் களி அதிகம், உதிர்ந்தால் மணல் அதிகம். நிழலில் பத்து நாள் காய வேண்டும், வெயிலில் வைத்தால் பிளந்துவிடும். விறகு வாய் 6 அங்குல அகலம், 5 அங்குல உயரம். குமிழ்கள் பானையை முக்கால் அங்குலம் தூக்கினால் போதும். அதிகமானால் சூடு பக்கவாட்டில் போய்விடும், குறைந்தால் புகை வாய் வழியே திரும்பும். அண்டா ஏற்றி இறக்க அடுப்புத் திட்டு 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

புகைபோக்கி 4 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், முகட்டுக்கு மேல் 2 அடி. பனங்கைக்கும் குழாய்க்கும் ஒன்றரை அடி இடைவெளி கட்டாயம். மூன்றாவது மழைக்காலத்தில் குழாயின் அடிப்பகுதி துருவேறி ஓட்டை விழுந்தது. உள்ளே கரியும் ஈரமும் சேர்ந்தால் தகடு அரிக்கத்தான் செய்யும். தொப்பி போட்டிருந்தால் இன்னும் சில வருஷம் வந்திருக்கும்.

மேடைக்குக் கடப்பா போட்டது பாதி வருத்தம். சொதிக்கு எலுமிச்சை பிழியும் இடத்தைப் பார்த்தால் தெரியும். ராத்திரி விழுந்த நாலு சொட்டு, காலையில் நாலு வெளுத்த வட்டம். தேய்த்தால் போகாது, அது கறையே இல்லை. கடப்பா சுண்ணாம்புக்கல், புளிப்பு அதை அரித்துவிடுகிறது. புளி கரைக்கும் இடத்திலும் இதே கதை. காய் நறுக்கும் பக்கம் கிரானைட்டே போடுங்கள், பாத்திரம் கவிழ்க்கும் இடத்துக்குக் கடப்பா தாராளம். நறுக்கும் மேடை 33 அங்குல உயரம், கேஸ் அடுப்பு வைக்கும் இடம் 28.

சிலிண்டர் வடமேற்கு மூலையில், விறகடுப்புக்கு நேர் எதிர்க்கோடியில். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடினால், கதவின் அடியில் தரையோடு ஒட்டித் துவாரம் விட வேண்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குள் தெரியாத தொல்லை ஒன்று வெளியே உண்டு: அடுப்பை ஒரு வாரம் பற்றவைக்காமல் விட்டால் பர்னர் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். தீ நீலத்திலிருந்து மஞ்சளாக மாறி, பாத்திரம் கரி பிடித்தால் அதுதான். குழாயைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தினால் சோளப்பொரி அளவுக்கு மண் உதிரும்.

தரையை முற்றத்தைவிட ஓரடி உயர்த்தி, 10 அடிக்கு 2 அங்குல வாட்டம் கொடுங்கள். வழுவழு டைல்ஸ் வேண்டாம். கழுநீர் ஒரு சின்னத் தொட்டியில் விழுந்து சோற்றுப்பருக்கை தங்கிய பிறகு வாழைக்குப் போகட்டும். நேரே விட்டால் வாழைமூட்டில் நாற்றம், பின்னாலேயே எலி. மிக்சி, கிரைண்டர் பிளக்குக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் லைன் இழுக்க வேண்டாம், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற இடம் அது.

சீமை உடை (சீமைக் கருவேலம்) விறகு, பனை மட்டை, சிரட்டை எதுவானாலும் அடுக்களையை ஒட்டி அடுக்கக் கூடாது. தள்ளி, ஓரடி உயரக் கல்லின் மேல் அடுக்குங்கள், அடியில் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் கட்டுவிரியன் சுருண்டு கிடக்கும்.