டகோமாவில் வைத்திருப்பதா, முதல் நாளே இறக்குவதா: சியாட்டிலின் மூன்று வழிகளும் என் ஓட்டும்

எங்கள் ஃபேன்டஸி பேஸ்பால் லீக்கில், அதாவது நிஜ வீரர்களை வைத்து நாங்கள் கற்பனையாக அணி நடத்தும் விளையாட்டில், ஒரு விதி உண்டு. மைனர் லீக் வீரரை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் செலவில்லாமல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆடும் அணிக்கு ஏற்றிய நாளிலிருந்து அவருடைய மலிவு ஒப்பந்த வருடங்கள் கரைய ஆரம்பித்துவிடும். என் கையில் இருந்த இளம் அவுட்ஃபீல்டரை (மைதானத்தின் பின்பகுதியில், லெஃப்ட், சென்டர், ரைட் ஃபீல்டில் நிற்பவர்) நான் முதல் நாளே ஏற்றிவிட்டேன். கொஞ்சம் பொறுத்திருந்தால் ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்திருக்குமே என்று லீக்கில் எல்லாரும் கேட்டார்கள். அதற்கான பதில்தான் இது. ஆனால் என் லீக்கை வைத்து இல்லை, அமெரிக்க மேஜர் லீக் அணியான சியாட்டில் மரைனர்ஸை வைத்து. ஏனென்றால் ஒரே அணி, ஒரே நிர்வாகம், மூன்று வருடத்துக்குள் மூன்று வழிகளையும் செய்து பார்த்துவிட்டது.

கணக்கு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மேஜர் லீக் சீசன் ஏறக்குறைய 187 நாள். அதில் 172 நாள் அணியில் இருந்தால் ஒரு முழு வருட சர்வீஸ். ஆறு வருட சர்வீஸ் சேர்ந்தால் வீரர் ஃப்ரீ ஏஜென்ட், யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். ஆக, முதல் சீசனில் ஒரு பதினைந்து பதினாறு நாள் பையனை மைனர் லீக்கிலேயே உட்கார வைத்தால் முதல் வருடம் முழு வருடமாக எண்ணப்படாது, அணிக்கு ஏழாவது வருடம் ஒன்று சும்மா கிடைக்கும். இன்னும் இரண்டு மாதம் இழுத்தால் சம்பளத்தை நடுவர் முடிவு செய்யும் உரிமை வீரருக்கு ஒரு வருடம் சீக்கிரமாக வருவதையும் தவிர்க்கலாம், ஆனால் அது சில்லறைச் சேமிப்பு, அதை விட்டுவிடுவோம்.

முதல் வழி, காக்க வைப்பது. ஜாரெட் கெலினிக். 2018 டிராஃப்டில் (அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஆறாவதாக நியூயார்க் மெட்ஸ் எடுத்த பையன், அதே டிசம்பரில் ராபின்சன் கனோ, எட்வின் டியாஸ் இருவரையும் கொடுத்த டிரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) சியாட்டிலுக்கு வந்தார். 2021 பிப்ரவரியில் மரைனர்ஸின் அன்றைய தலைவர் கெவின் மாதர் ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்தில், கெலினிக் ஒரு மாதம் டகோமாவில் (மரைனர்ஸின் டிரிபிள் ஏ, அதாவது மைனர் லீக்கின் மேல்படி அணி) ஆடிவிட்டு வருவார், அப்புறம் ஆறேழு வருடம் லெஃப்ட் ஃபீல்டில் நிற்பார் என்கிற பொருளில் பேசினார். முந்தைய வருடம் இளம் வீரர்களை இறக்காததற்கு சர்வீஸ் கடிகாரமும் ஒரு காரணம் என்று மறைக்காமல் சொன்னார். காணொளி வெளியே வந்தது, பதவி விலகினார். எல்லா அணிகளும் செய்ததைத்தான் சொன்னார், வாய்விட்டுச் சொன்னதுதான் வினை.

நடந்தது என்ன? கெலினிக் மே 13-ஆம் தேதி வந்தார், கொஞ்ச நாளிலேயே 39 முறை தொடர்ந்து ஹிட் இல்லாமல் போனார், ஜூனில் திரும்ப டகோமாவுக்கு அனுப்பப்பட்டார். அந்த சீசன் பேட்டிங் சராசரி .181, ரொம்ப மோசம். ஆறேழு வருடம் நிற்பார் என்றவர் மூன்று சீசனில் அட்லாண்டாவுக்கு டிரேட் ஆனார். இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும்: கோவிட் காரணமாக 2020-இல் மைனர் லீக்கே நடக்கவில்லை, 2021-இல் டிரிபிள் ஏ சீசன் மே மாதம்தான் தொடங்கியது, அவர் டகோமாவில் ஆறே ஆட்டம் ஆடிவிட்டு மேலே வந்தார். அதனால் காக்க வைத்ததால்தான் கெட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். காக்க வைத்ததால் எதுவும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டாவது வழி, ஆடுவதற்கு முன்பே நீண்ட ஒப்பந்தம். 2019 நவம்பரில் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் எவன் வைட்டுக்கு, மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எதிர்கொள்ளாத நிலையில், ஆறு வருடத்துக்கு 2.4 கோடி டாலர் கொடுத்தார்கள். ஒப்பந்தம் போட்டுவிட்டால் சர்வீஸ் நாளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், அது நிஜமான வசதி. வைட் 2020-இல் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு க்ளவ் விருது வாங்கினார், ஆனால் பேட்டிங் .176. அடுத்த வருடம் இடுப்புக் காயம். கெலினிக்கை அனுப்பிய அதே 2023 டிசம்பர் டிரேடில் வைட்டும் அட்லாண்டாவுக்குப் போனார். சம்பளச் சுமையைத் தள்ளிவிடத்தான் அந்த டிரேடே என்பது வெளிப்படை.

இதை வைத்து இந்த வழியே தப்பு என்று சொன்னால் மில்வாக்கி ப்ரூவர்ஸ் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள். வெனிசுவேலாவின் ஜாக்சன் சோரியோவுக்கு 2023 டிசம்பரில் 19 வயது. எட்டு வருடம், 8.2 கோடி டாலர். 2024-இல் முதல் இரண்டு மாதம் தடுமாறினார், ப்ரூவர்ஸ் கீழே இறக்கவில்லை, சீசன் முடியும்போது 21 ஹோம் ரன், 22 ஸ்டீல் (திருடிய பேஸ்). இந்த வழி நல்லதா கெட்டதா என்பது நீங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது, அதற்குமேல் இதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. என் ஃபேன்டஸி லீக்கில் இப்படி ஒப்பந்தம் போட வழியும் இல்லை.

மூன்றாவது வழி, ஓபனிங் டேயிலேயே, அதாவது சீசனின் முதல் நாளே, இறக்குவது. இதற்குத்தான் என் ஓட்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

2022-இல் மரைனர்ஸின் ஹூலியோ ரோட்ரிகஸ் டிரிபிள் ஏ-வில் ஒரு ஆட்டமும் ஆடியதில்லை. அதற்கு ஒரு படி கீழான டபுள் ஏ-விலிருந்து நேராக மினசோட்டாவில் நடந்த முதல் ஆட்டத்தில் சென்டர் ஃபீல்டில் நின்றார். கெலினிக்கை டகோமாவுக்குத் திருப்பி அனுப்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஏப்ரல் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட இல்லை. வெளியே போன பந்துகளுக்கெல்லாம் அம்பயர்கள் ஸ்ட்ரைக் சொல்லிக்கொண்டிருந்தார்கள், புதுப்பையன் என்றால் அப்படித்தான். முதல் ஹோம் ரன் மே 1, மயாமியில், அதுவும் அந்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய சாண்டி அல்கான்டராவிடம். முடிவில் 28 ஹோம் ரன், 25 ஸ்டீல், சிறந்த புதுமுகத்துக்கான ரூக்கி ஆஃப் தி இயர் விருது. 2001-க்குப் பிறகு முதல்முறையாக சியாட்டில் பிளே ஆஃபுக்குப் போனது.

காக்க வைத்திருந்தால் அந்தத் தடுமாற்றம் இல்லாமல் போயிருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேஜர் லீக் பிட்சிங்கைப் பழக ஆகும் காலம் எப்படியும் ஆகத்தான் செய்யும். ஏப்ரலில் ஆகவேண்டியது மே மாதத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அந்தத் தள்ளிப்போடலுக்கு விலையாகத்தான் ஏழாவது வருடம் கிடைக்கிறது என்பதால், விஷயம் முழுக்க அந்த ஏழாவது வருடத்தின் மதிப்பில் வந்து நிற்கிறது.

அதைத்தான் யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. ஏழாவது வருடம் என்று ஏட்டில் எழுதி வைக்கிறோம், அதை நிஜமாக அனுபவித்த அணிகள் எத்தனை? பையன் சொதப்பினால் ஏழாவது வருடத்துக்கு வேலையே இல்லை, கெலினிக் சாட்சி. பையன் அபாரமாக ஆடினால் அணி அவரை அதுவரை விட்டு வைக்காது, இடையிலேயே பெரிய ஒப்பந்தம் வந்துவிடும். ரொனால்ட் அகூன்யாவை 2018-இல் அட்லாண்டா ஏப்ரல் 25 வரை காக்க வைத்தது, பயிற்சி ஆட்டங்களில் .432 அடித்திருந்தும். அடுத்த ஏப்ரலிலேயே எட்டு வருடம், 10 கோடி டாலர் ஒப்பந்தம். காத்து வைத்துச் சம்பாதித்த அந்த வருடம் ஒப்பந்தத்துக்குள் கரைந்துபோனது. ஹூலியோவும் அப்படியே, அறிமுகமான அதே ஆகஸ்டில் சுமார் 21 கோடி டாலர் உத்தரவாதத்தோடு கையெழுத்துப் போட்டார். முதல் நாள் இறக்கியதால் சியாட்டில் இழந்ததாகச் சொல்லப்பட்ட வருடம் அன்றைக்கே பேச்சில்லாமல் போய்விட்டது.

சரி, இரண்டுக்கும் நடுவில், ஒப்பந்தமும் போடாமல் சொதப்பவும் செய்யாதவர்? கிரிஸ் பிரையன்ட். 2015-இல் சிகாகோ கப்ஸ் ஏப்ரல் 17 அன்று ஏற்றியது, சீசன் முடிவில் 171 நாள், ஒரே ஒரு நாள் குறைவு. நடுவரிடம் முறையிட்டார், 2020-இல் தோற்றார். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய ஏழாவது சீசனின் நடுவில், 2021 ஜூலை கடைசியில், கப்ஸ் அவரை இரண்டு இளம் வீரர்களுக்காக சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு டிரேட் செய்தது. ஒரு எம்.வி.பி.-யின் (லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவரின்) மனக்கசப்பை வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு இது நல்ல வியாபாரமா என்று நீங்களே சொல்லுங்கள்.

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஜார்ஜ் ஸ்ப்ரிங்கர். ஹூஸ்டன் 2014 ஏப்ரல் நடுவில்தான் ஏற்றியது, அதனால் 2020 சீசன் முழுக்க அவர் அங்கேயே இருந்தார், நன்றாகவும் ஆடினார், அணி லீக் சாம்பியன்ஷிப்பின் ஏழாவது ஆட்டம் வரை போனது. ஏழாவது வருடத்தை முழுதாக அனுபவித்த அணி என்றால் அதுதான். அதே ஸ்ப்ரிங்கர் 2025 அக்டோபரில் டொரான்டோ உடையில் ஏழாவது ஆட்டத்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து மரைனர்ஸை வீட்டுக்கு அனுப்பியதை இங்கே எழுதவேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் வயிறு எரிகிறது.

ஆனால் இதெல்லாம் 2022-க்கு முந்தைய கணக்கு. அந்த வருடம் அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே ஆன தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு காக்க வைப்பவர்களின் கை இன்னும் பலவீனமாகிவிட்டது. முன்னணி ப்ராஸ்பெக்ட் (வருங்கால நட்சத்திரம் என்று எதிர்பார்க்கப்படும் இளம் வீரர்) பட்டியலில் இருக்கும் ஒருவர் எப்போது வந்தாலும் சரி, ரூக்கி விருது ஓட்டெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு வருட சர்வீஸ் கொடுத்துவிடுகிறார்கள். பால்டிமோரின் ஆட்லி ரட்ச்மேன் 2022 மே 21 அன்று வந்தார், இரண்டாவது இடம், முழு வருடம். பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் 2024 மே மாதம் வந்தார், விருதே வாங்கினார், முழு வருடம். இரண்டு அணிகளுக்கும் ஏழாவது வருடமும் இல்லை, முதல் மாத ஆட்டமும் இல்லை.

மறுபக்கம், அப்படிப்பட்ட வீரரை முழு சீசனும் அணியில் வைத்திருந்து அவர் விருது வாங்கினால் அணிக்கு முதல் சுற்றின் முடிவில் கூடுதலாக ஒரு டிராஃப்ட் இடம் கிடைக்கும். ஹூலியோவால் சியாட்டிலுக்கு 2023-இல் கிடைத்தது 29-வது இடம், அதில் ஜானி ஃபார்மெலோ என்ற ஹைஸ்கூல் சென்டர் ஃபீல்டரை எடுத்தார்கள். கார்பின் கேரலால் அரிசோனாவுக்கு 2024-இல் 31-வது இடம், ரையன் வால்ட்ஷ்மிட், அவரும் அவுட்ஃபீல்டர். ஒரு அவுட்ஃபீல்டரைத் தைரியமாக இறக்கியதற்குப் பரிசாக இன்னொரு அவுட்ஃபீல்டர். ஆக, இன்றைய விதிப்படி காக்க வைத்து லாபம் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் பையன் நல்லவராகவும் இருக்கவேண்டும், ஆனால் ரொம்ப நல்லவராக இருந்துவிடக் கூடாது. அணியின் நம்பர் ஒன் ப்ராஸ்பெக்ட் மீது அப்படி ஒரு பந்தயம் யார் கட்டுவார்கள்?

என் பேச்சில் பலவீனமான இடம் ஒன்று உண்டு. ஒரு பையன் தயாரா இல்லையா என்பதை நான் எண்களையும் துண்டுக் காணொளிகளையும் வைத்துத்தான் சொல்கிறேன், டகோமா ஸ்டேண்டில் உட்கார்ந்து பார்த்து இல்லை. லெஃப்ட் ஃபீல்டில் அவருடைய கால் சரியாகப் போகிறதா, கர்வ் பந்தைக் கண்டுபிடிக்கிறாரா என்று பயிற்சியாளர் சொல்லி நிறுத்தி வைத்தால் அதை நான் கேட்டுக்கொள்வேன். ஆனால் ‘தடுப்பாட்டம் இன்னும் மெருகேற வேண்டும்’ என்று சொல்லிவிட்டுச் சரியாக மூன்றாவது வாரத்தில் ஏற்றினால் அது சர்வீஸ் கணக்குதான்.

சியாட்டிலில் அடுத்த தடவை இந்தக் கேள்வி எழுவது பெரும்பாலும் லெஃப்ட் ஃபீல்டில்தான். சென்டரில் ஹூலியோ நீண்ட காலத்துக்கு இருக்கிறார். ரேன்டி அரோசரேனா 2026 சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார். வரிசையில் இருப்பவர்கள் லாசரோ மான்டெஸும் அந்த ஃபார்மெலோவும். கியூபாவின் மான்டெஸிடம் பயங்கர பவர், ஸ்ட்ரைக் அவுட்டும் நிறைய. ஃபீல்டிங்கைப் பற்றிச் சந்தேகம் இருப்பதால் அவரைக் கீழே வைத்திருக்க அணிக்குச் சாக்குக்குப் பஞ்சமில்லை. ஃபார்மெலோ நல்ல ஓட்டக்காரர், ஆனால் 2024-இல் முழங்கால் போய்ப் பாதி சீசன் வீணானது. அதனால் அவரை டிரிபிள் ஏ-வில் நிதானமாக ஆடவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். மான்டெஸ் விஷயத்தில் அப்படி இல்லை. 2026-இல் டபுள் ஏ, டிரிபிள் ஏ பிட்சிங்கை அடித்துவிட்டார் என்றால் 2027 முதல் ஆட்டத்திலேயே லெஃப்ட் ஃபீல்டில் நிறுத்தவேண்டும். இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தமே 2026 டிசம்பர் 1 அன்று காலாவதி ஆகிறது, அதற்குப் பிறகு ஏழாவது வருடம் என்ற ஒன்று இதே வடிவில் இருக்கும் என்று நம்பி ஒரு மாத ஆட்டத்தை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.