பால் வெட்டிய முழங்கால்களுக்கு ஒரு வகுப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபமொன்றில் நடக்கும் 6 வார இலவச வகுப்பு இது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டித் தேய்ந்த முழங்கால், இடுப்பு, தோள் வலிக்கென்றே அமைத்திருக்கிறார்கள். கையேட்டின் தலைப்பு ‘நாட்பட்ட வலித் தன்மேலாண்மை’, அதாவது நீண்ட நாள் வலியை நாமே சமாளிப்பது. அதைப் பார்த்து மிரள வேண்டாம், பேச்சு வீட்டுத் தமிழ்தான்.

மிக நன்றாக வந்திருப்பது வேலையைப் பிரித்துச் செய்யும் பாடம். வலி குறைந்த நாளில் வீடு முழுக்கக் கழுவிவிட்டு, அடுத்த 2 நாள் படுத்துக் கிடப்பதுதான் பலருக்கும் நடப்பது. நின்று சமைத்தால் எத்தனை நிமிடத்தில் வலி ஏறுகிறது என்று 3 நாள் குறிக்கச் சொல்கிறார்கள். 20 நிமிடமென்றால் 15இல் உட்கார்ந்துவிட வேண்டும், வலி வந்தபிறகு அல்ல. “ஒரு நிரை மரம் வெட்டி முடிச்சதும் பால் வடியட்டும்னு உட்காருவீங்களே பாட்டி, அந்த மாதிரி” என்றதும் சட்டென்று பிடிபடுகிறது.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி காலை 5 முறை, மாலை 5 முறை. மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்குகிறது, சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மறுநாளும் வலி கூடியிருந்தால் 3 முறையாகக் குறைக்கலாம். அடியோடு விட்டால் தொடைச் சதை மெலிந்து முட்டி இன்னும் தளர்ந்துவிடும். தைலம் தேய்த்த இடத்தில் சுடுதண்ணிப் பை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். இனிப்புநீரால் (நீரிழிவு) கால் மரத்தவர்களுக்கு அந்தப் பையே வேண்டாம்.

மருந்துப் பாடத்தை 5ஆம் வாரத்துக்குத் தள்ளியது பெரிய தவறு. 500 மில்லிகிராம் பாராசிட்டமோல் ஒரு நாளைக்கு 8 மாத்திரையைத் தாண்டக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. பல சளி மாத்திரைகளிலும் அதே மருந்துதான், கணக்கு அங்கேதான் தப்புகிறது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்கும் சில வலி மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட மருந்தைப் பல வாரம் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருந்தோடு டாக்டரைப் பாருங்கள்.

ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே யாரும் விசாரிப்பதில்லை, வாட்ஸ்அப் வீடியோ மட்டும் வருகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் வயதான கறுப்பின மக்களுக்காக மிச்சிகன் பல்கலைக்கழகம் நடத்திய ‘ஸ்டெப்ஸ்’ திட்டத்தில் சமூக சுகாதாரப் பணியாளர்களே போன் போட்டுப் பேசினார்கள். இங்கும் வாரம் ஒரு போன் வந்தால் பாதியில் நிற்பவர்கள் குறைவார்கள்.

காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ வகுப்புக்கு வராமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.