நாலு மழைக்காலம் ஓடிய ப்ளக் வயரும் பல்பு வைத்துப் பிடித்த டைமிங்கும்

எங்கள் வீட்டில் நிற்பது பழைய மஹிந்திரா எஃப்.சி. 150 பிக்கப். பெட்ரோல் வண்டி. ஜீப்பில் வந்த அதே 2199 சி.சி. ஹரிக்கேன் இன்ஜின்தான், ஆனால் கேபினுக்குள்ளேயே, ரெண்டு சீட்டுக்கும் நடுவில் மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். சித்திரை வெயிலில் ஓட்டினால் கால் வெந்துபோகும்.

நாலு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி. களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி விடிகாலையில் திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினால், சேரன்மகாதேவி வருவதற்குள் வண்டி இருமத் தொடங்கிவிடும். மிஸ்ஸிங் (சிலிண்டர் எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது), இழுவை கிடையாது, நடுவில் சைலன்சரில் ஒரு வெடி. டைமிங், அதாவது ப்ளக்கில் பொறி விழும் நேரம், போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி இப்படியும் அப்படியும் திருப்பினேன். வெயில் வந்ததும் நன்றாக ஓடும், நம்ம கைராசி என்று நினைத்துக்கொள்வேன். மறுநாள் மழையில் பழைய குருடி கதவைத் திறடி. திருப்பித் திருப்பி, மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்குள் தட்டுகிற நாக்கிங் சத்தமும் சேர்ந்துகொண்டது.

பேட்டைப் பக்கம் பழைய ஜீப் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஸ்பேனரையே கையில் எடுக்கவில்லை. "ராத்திரி லைட்டை அணைச்சிட்டு மூடியைத் தொறந்து பாரும். வயரைப் பாக்காம டைமிங்கைத் தொடாதேயும்வே" என்றார்.

பார்த்தேன். செடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரேயரில் லேசாகத் தண்ணீர் அடித்ததும், மூன்றாவது ப்ளக் வயருக்கும் நாலாவதுக்கும் இடையில் நீல நிறத்தில் பொறி நெளிந்தது. ரெண்டையும் ஒரே டேப்பில் சேர்த்துக் கட்டி வைத்திருந்தேன், அழகுக்காக! இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. மூன்று எரியும் நேரத்தில் நாலில் பெட்ரோல் காற்று அழுத்தத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். கசிகிற பொறி அங்கே போனால் நேரத்துக்கு முன்பே பற்றிவிடும். அதிலிருந்து அந்த ரெண்டையும் தனித்தனி கிளிப்பில்தான் விடுகிறேன்.

புது செட் சிலிக்கான் உறை போட்ட செம்புக் கம்பி வயர். பழையது கார்பன் வயர். ரப்பர் மூடியைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுத்தே உள்ளே அறுத்திருக்கிறேன். மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே இடத்தில் மாட்டியபின்தான் அடுத்ததைத் தொட்டேன்.

டைமிங்குக்கு வந்தால், முதலில் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சுவிட்ச்) இடைவெளி: 0.020 அங்குலம். இது மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசைதான். ப்ளக் இடைவெளி 0.030. பிறகு முதல் சிலிண்டர் ப்ளக்கைக் கழற்றி ஓட்டையில் விரலை வைத்து, டாப் கியரில் வண்டியை மெல்லத் தள்ளச் சொன்னேன். காற்று விரலைத் தள்ளும்போது பிஸ்டன் உச்சிக்கு வர 5 டிகிரி முந்தைய குறிக்கு வந்ததும் நிறுத்தினேன். குறி மட்டும் பார்த்தால் போதாது. ஒன்றும் நாலும் சேர்ந்தே மேலே வரும், ஏமாந்தால் முழுச் சுற்று தப்பிப்போகும். இக்னிஷனைப் போட்டு, 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை, பொறிக்கு வேண்டிய உயர் அழுத்த மின்சாரம் தரும் காயிலின் பாயிண்ட் பக்கத்திலும் மற்றதை பாடியிலும் கொடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பாயிண்ட் திறக்கிற நொடியில் பல்பு எரியும். அங்கேயே கிளாம்பை முறுக்கிவிட்டேன். இன்ஜின் ஓடும்போதே குறியைக் காட்டும் டைமிங் லைட் ஒன்றும் வாங்கினேன். பகல் வெளிச்சத்தில் குறி சரியாகத் தெரியாமல் அது பெட்டியிலேயே கிடக்கிறது.

இதுவரை சுமார் 22,000 கிலோமீட்டர். வயர் நாலும் அதேதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியான கேப்பை ஒருமுறை மாற்றினேன், உள்ளே முடி மாதிரிக் கரிக்கோடு விழுந்திருந்தது. குறை ஒன்று உண்டு: செம்புக் கம்பி என்பதால் ரேடியோவில் இரைச்சல் தாங்காது. பாட்டுப் பிரியர்கள் கார்பனே போடுங்கள். இன்னொன்று, பாயிண்டில் கேம் மீது உரசுகிற ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் தானாகப் பின்னுக்குப் போகிறது. எனக்கு நாலைந்தாயிரம் கிலோமீட்டரில் இழுவை மந்தமாகும். அப்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதில்லை. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியைச் சரிசெய்து, பாயிண்டைத் திறக்கும் கேமில் துளி கிரீஸ் தடவினால் முக்கால்வாசி அதிலேயே சரியாகிவிடுகிறது.

போன ஐப்பசியில் ராத்திரி மறுபடி தண்ணீர் அடித்துப் பார்த்தேன். மூடிக்குள் கும்மிருட்டு.