மார்னர் இல்லாத டொராண்டோவ என் கையில குடுத்துட்டாங்க: ஃப்ரான்சைஸ் ஹாக்கி மேனேஜர் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், இது தயான் சந்த் ஆடுன ஹாக்கி இல்ல, ஐஸ் ஹாக்கி. அதுலயும் நாம பட்டன் அமுக்கி கோல் போடுற கேம் கிடையாது, டீம் மேனேஜர் வேலை மட்டும்தான் நமக்கு, யார வச்சுக்கணும் யார விக்கணும் யாரு எந்த லைன்ல (ஐஸ்ல ஒண்ணா இறங்குற செட்டு) இறங்கணும்னு நாம முடிவு பண்ணுவோம், மேட்ச்ச கம்ப்யூட்டர் ஆடி ரிசல்ட்ட துப்பும். ஸ்க்ரீன் முழுக்க டேபிளும் நம்பரும்தான். வீட்டுல எட்டிப் பாத்துட்டு "என்னங்க, ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் வேலையா"ன்னு கேட்டாங்க, நானும் ஆமான்னுட்டேன்.

அவுட் ஆஃப் தி பார்க்னு பேஸ்பால் மேனேஜர் கேம் பண்றவங்களோட கேம்தான் இது. தனியாவும் ஆடலாம், ஆனா ஆளுக்கொரு டீம் எடுத்துக்கிட்டு லீக்கா ஆடுறதுதான் போதை. இந்த தடவ எங்க லீக்குல 2025-26 சீசன் ரோஸ்டர்லேர்ந்து (டீம் ஆளுங்க லிஸ்ட்) ஆரம்பிக்கிறோம், குலுக்கல்ல எனக்கு விழுந்தது டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ். கோப்பை தூக்கி பாத்தது கடைசியா 1967ல. வாழ்த்துங்க மக்களே.

சரி, டீமுக்கு வருவோம். ரைட் விங்ல ஆடுன ஸ்டார் மிட்ச் மார்னர் வேகாஸ் டீமுக்கு போயாச்சு. 2024-25ல 102 பாயிண்ட் (கோலும் அசிஸ்டும் சேத்து), அதுல 75 அசிஸ்ட், அதாவது மத்தவன் கோல் அடிக்க பந்து எடுத்து குடுத்தவன் (பந்து இல்ல, பக், பழக்க தோஷம்). பதிலுக்கு வந்தது நிக்கோலா ராய், உயரமான சென்டர், மூணாவது லைனுக்கு தங்கமான ஆளு, ஆனா மார்னர் இடத்துக்கு பதில் இல்ல.

சம்பளக் கணக்குதான் இந்த கேம்ல உண்மையான எதிரி. 2025-26க்கு மொத்த கேப், அதாவது ஒரு டீமோட சம்பள உச்சவரம்பு, 95.5 மில்லியன் டாலர். மேத்யூஸ் 13.25, நைலாண்டர் 11.5, நைஸ் 7.75, ரைலி 7.5, டவாரஸ் 4.38. அஞ்சு பேருக்கே 44 மில்லியன தாண்டிடுச்சு, மிச்ச 51 சொச்சத்துல இன்னும் 18 பேர ஓட்டணும். இதுல டவாரஸ் காண்ட்ராக்ட் மட்டும் லாட்டரி, முன்னாடி 11 மில்லியன் வாங்குன மனுஷன், 2024-25ல 38 கோல் அடிச்சிட்டு இப்ப அதுல பாதிக்கும் கீழ கையெழுத்து போட்டிருக்காரு.

டிஃபென்ஸ் எனக்கு புடிச்சிருக்கு. டானெவ், மெக்கேப், கார்லோ மூணு பேருமே கோல் அடிக்க மாட்டாங்க, ஆனா எதிராளி ஷாட்டுக்கு முன்னாடி போய் விழுவாங்க. சீசன் ஆரம்பத்துல டானெவுக்கு 35 வயசு, உடம்பு எத்தன மாசம் தாங்கும்ங்கறதுதான் பயம். கோல்கீப்பிங்ல ஸ்டோலார்ஸ், வோல் ரெண்டு பேரும் இருக்காங்க, கவலையே இல்ல. ஸ்டோலார்ஸ் 2024-25ல .926 சேவ் பர்சன்டேஜ் (வந்த ஷாட்ல 92.6% தடுத்தாரு), ஆறரை அடி ஆளு, ஆனா அம்பது மேட்ச் ஆடி பழக்கமில்லாதவரு, அதனால பாதிக்குப் பாதி பிரிச்சு விடலாம்னு இருக்கேன்.

இப்ப என் தூக்கத்த கெடுக்கிற விஷயம். மொத லைன்ல நைஸ் லெஃப்ட், மேத்யூஸ் சென்டர், ரைட்ல யாரு? யூட்டாலேர்ந்து வந்த மச்செல்லிய போடலாம், 2023-24ல 57 பாயிண்ட் எடுத்தவன், அடுத்த வருஷமே 55 மேட்ச்ல 18தான். டோமிய போட்டா பாஸ் வரும், ஆனா நம்ம கோல் பக்கம் திரும்பி ஓட ஆளிருக்காது. நைலாண்டர மேல கொண்டு வந்தா ரெண்டாவது லைன்ல டவாரஸ் தனியா நிப்பாரு. சின்னப் போர்வை மாதிரி, தலைக்கு இழுத்தா கால் வெளிய தெரியுது. டிரேட்ல ஒருத்தன புடிக்கலாம்னா 2026, 2027 ரெண்டு வருஷத்து முதல் ரவுண்டு பிக்கையும் (டிராஃப்ட்ல புது பசங்கள எடுக்கிற உரிமை) கார்லோவுக்கும் லாட்டனுக்கும் ஏற்கனவே குடுத்து தொலைச்சிருக்காங்க.

புதுசா வாங்குறவங்களுக்கு ஒண்ணு: பிளேயர் பேருக்கு பக்கத்துல வர்ற ஸ்டார பாத்து ஏமாறாதீங்க, அது நம்ம ஸ்கௌட் சொல்ற அபிப்பிராயம், அவ்ளோதான். உள்ள போய் பாஸிங், பக் ஹேண்ட்லிங், கெட்டிங் ஓப்பன்னு ஒவ்வொண்ணுக்கும் 20க்கு எவ்ளோன்னு பாருங்க, ஸ்டாமினாவ கண்டிப்பா பாருங்க. மொத சீசன்ல நான் ஸ்டார மட்டும் எண்ணி டீம் கட்டி கடைசிக்கு முந்தின இடத்துல முடிச்சேன்.

கேமுக்கு பத்துக்கு எட்டு. மேட்ச் பாக்குற சுகம் வேணும்னா வேற பக்கம் போங்க, ரோஸ்டர் நோண்டுற பைத்தியம்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். லீக்குக்கு ஆறுதான் குடுப்பேன், போன சீசன் நான் டைமுக்கு லைன்ஸ் அனுப்பியும் பழைய ஃபைல்லயே சிம் (கம்ப்யூட்டர் ஆடுற மேட்ச்) ஓட்டிட்டாங்க, வரிசையா மூணு மேட்ச் பேக்கப் கோல்கீப்பர் நின்னான், மூணும் காலி, கேட்டா "ரிசல்ட் வந்தது வந்ததுதான் ப்ரோ"ங்கறாங்க.

இந்த தடவ வெள்ளிக்கிழமை ராத்திரி கெடு. அனுப்புனதும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கப்போறேன். பத்தொம்பது பேர கட்டத்துல உக்கார வச்சாச்சு, மேத்யூஸுக்கு ரைட்ல மட்டும் மச்செல்லி பேர போடுறேன், அழிக்கிறேன், திரும்ப போடுறேன்.