நோயாளியிடம் தமிழில் பேசப் பழக்கும் அரைநாள் வகுப்பு: போகலாமா?

சிங்கப்பூரின் மூன்று மருத்துவப் பள்ளிகளிலும் பாடம் ஆங்கிலத்தில்தான். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எதிரே உட்காரும் தமிழ்ப் பாட்டியிடம் அது செல்லாது. அதற்காக மருத்துவ மாணவர்களுக்குத் தொண்டூழியர் சிலர் நடத்தும் இந்த வகுப்பு பாதி அருமை, பாதி அவசரம்.

அருமையான பாதிக்குக் காரணம், நோயாளியாக நடிக்கும் மூத்த பெண்மணி. அவருக்குப் புதிதாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாணவர் 8 நிமிடத்தில் விளக்க வேண்டும். முதல் சுற்றில் கணையம், இன்சுலின், சிறுநீரகம் என்று மூச்சுவிடாமல் கொட்டிவிட்டு "புரிஞ்சுதாம்மா?" என்கிறார்கள். அவரும் தலையாட்டி "சரி டாக்டர்" என்கிறார். ஒன்றும் ஏறியிருக்காது. பயிற்சியாளர் அங்கேயே நிறுத்துகிறார்.

அடுத்த சுற்றில், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு இரண்டே செய்தி: மாத்திரையைச் சாப்பாட்டோடு போடணும், ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு வரலாம், வந்தால் நீங்களாக நிறுத்தாமல் எங்களைக் கேளுங்கள். இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால், வயிறு கலங்கியதுமே மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். கடைசியில், "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும்மா, வீட்ல மககிட்ட எப்படிச் சொல்வீங்க?" பரீட்சை வைப்பதுபோல் கேட்டால் பெரியவர்கள் சுருங்கிவிடுவார்கள், பொறுப்பை மருத்துவர் தன்மேல் போட்டுக்கொண்டால் வாய் திறப்பார்கள். அவர் தப்பாகச் சொன்ன பகுதியை மட்டும், வேறு வார்த்தைகளில், இன்னொரு முறை விளக்கினால் போதும்.

எண்களுக்கான பயிற்சியும் கெட்டிக்காரத்தனமானது. ரத்தச் சர்க்கரையை இங்கே மில்லிமோல் என்ற அளவில் சொல்கிறார்கள், இந்தியாவில் மில்லிகிராமில். "எனக்கு 7.8தான், ஊர்ல தங்கச்சிக்கு 140, பாவம்" என்கிறார் பாட்டி. 7.8-ஐ 18-ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றுதான், மாணவர்கள் திணறுகிறார்கள்.

குறைக்கு வருவோம். துயரச் செய்தி சொல்வதற்கான ஸ்பைக்ஸ் முறையின் ஆறு படிகளையும் 40 நிமிடத்தில் ஓட்டிவிடுகிறார்கள். செய்தியைச் சொன்ன பிறகு பேசாமல் இருப்பதுதான் அதில் கடினம். அதைப் பழக நேரமே இல்லை. கையேடு மேடைப்பேச்சுத் தமிழ், அதை நோயாளியிடம் யாரும் பேச முடியாது. கூட வந்த மகன் குறுக்கே புகுந்து, கெட்டதை மறைத்து மொழிபெயர்க்கும் காட்சியையும் காணோம், தினமும் நடப்பது அதுதான்.

மருந்து விளக்கத்துக்காக மட்டும் போகலாம். ஆறு பேர் கொண்ட குழுவில் எல்லாருக்கும் இரண்டாம் சுற்று கிடைப்பதில்லை. முதல் ஆளாகக் கை தூக்கிவிடுங்கள்.