சார்ஜ் நிற்காத கார் சாவி: செல்லை மாற்றுவதா, சாவியையே மாற்றுவதா?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் மாமாவின் கார் 2010 மாடல் 320ஐ. பிஎம்டபிள்யூவின் ஈ90 வரிசை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-இல் தொடங்கிய ஆலையில் கட்டிய வண்டி. "நம்ம ஊர்ல செஞ்ச கார் மாப்ள" என்று பெருமையாகச் சொல்லித்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். என்ஜினில் குறையில்லை. தொல்லை கொடுத்தது சாவிதான். முதலில் இரண்டாவது மாடி பால்கனியிலிருந்தே கதவு பூட்டிக்கொண்டது. சில வாரங்களில் கேட் வரை இறங்கிப்போக வேண்டியதாயிற்று. அப்புறம் கதவை ஒட்டி நின்று பட்டனை அழுத்தினாலும் சத்தமே இல்லை.

ஷோரூமில் புதுச் சாவிக்குச் சொல்லிவிடலாம் என்று மாமா கிளம்பினார். நான்தான் நிறுத்தினேன். இந்தச் சாவிக்குள் இருப்பது நாம் வழக்கமாக மாற்றும் பட்டன் செல் இல்லை. சார்ஜ் ஏறும் செல். டேஷ்போர்டில் இருக்கும் துளைக்குள் சாவியைச் செருகினால், கம்பித் தொடர்பு எதுவும் இல்லாமல் காந்தப்புலம் வழியாகவே அதற்குச் சார்ஜ் ஏறும். அதனால் சாவியைத் திறக்க மூடியே கிடையாது, சுற்றிலும் ஒட்டியிருப்பார்கள். கடைக்காரர் முதல் ஷோரூம் வரை ஆளுக்கொரு வழி சொல்வதற்குக் காரணம் இந்த அமைப்புதான். ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெளிவு வந்தது.

ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் நோய் எதுவென்று தெரிய வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும், காசும் ஆகாது. முதலில் அலமாரியில் கிடக்கும் இரண்டாவது சாவியை எடுத்து அழுத்துங்கள். அது நன்றாக வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில்தான். இரண்டுமே ஒரே நாளில் படுத்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள், காரைப் பாருங்கள். டேஷ்கேம், மலிவான யுஎஸ்பி சார்ஜர், புதிதாகப் போட்ட எல்இடி பல்பு ஆகியவை எழுப்பும் மின்னிரைச்சலே ரிமோட் அலையை அமுக்கிவிடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ரிமோட்டின் அலையைப் பிடிக்கும் ஆன்டெனா பகுதியைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

தூரம் மெல்ல மெல்லக் குறைந்து பிறகு நின்றுபோனால் பெரும்பாலும் செல்தான். நேற்று வரை நன்றாக இருந்து இன்று திடீரென்று நின்றுவிட்டால், கீழே விழுந்ததா, மழையில் நனைந்ததா, துணியோடு வாஷிங் மெஷினுக்குள் போனதா என்று வீட்டில் கேளுங்கள். பூட்டும் பட்டன் வேலை செய்து திறக்கும் பட்டன் மட்டும் செய்யவில்லை என்றால் செல்லைக் குறை சொல்ல முடியாது. பட்டனுக்கு அடியில் இருக்கும் குட்டி ஸ்விட்ச் தேய்ந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில கடைகளில் சாவியை மொபைல் கேமராவுக்கு முன்னால் காட்டி, "வெளிச்சம் வரல, சாவி போச்சு" என்கிறார்கள். டிவி ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் பேசுவதால் அதற்கு அந்தச் சோதனை சரி. இந்தச் சாவி பேசுவது ரேடியோ அலையில். அது எந்தக் கேமராவிலும் தெரியாது. அதை நம்பிச் சாவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசிச் சோதனைதான் முக்கியமானது. சாவியைத் துளையில் செருகி ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். கார் கிளம்பினால் நிம்மதியாக இருங்கள். காரைக் கிளப்ப அனுமதி தரும் சிப்புக்குச் செல் தேவையே இல்லை. துளையைச் சுற்றியுள்ள சுருளிலிருந்தே அதற்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடும். அதாவது சாவியின் உயிர் பத்திரமாக இருக்கிறது, கதவைத் திறக்கும் வசதி மட்டும்தான் போயிருக்கிறது. மாமாவின் சாவி இந்தச் சோதனையில் முதல் முயற்சியிலேயே தேறியது.

இங்கிருந்துதான் வழிகள் பிரிகின்றன. ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான். உள்ளே மறைந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஓட்டலாம். அவசரத்துக்குச் சரி. தினமும் என்றால், சில கார்களில் அப்படித் திறந்தாலே அலாரம் கத்தும், துளையில் சாவியைப் போட்ட பிறகுதான் அடங்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அடுக்குமாடியின் பேஸ்மென்டில் அது நமக்கும் நல்லதில்லை, அக்கம்பக்கத்தாருக்கும் நல்லதில்லை.

அடுத்து, எல்லாரும் முதலில் விழும் வழி: பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் சிஆர்2025 பட்டன் செல்லைப் போட்டுவிடுவது. எங்களுக்கும் இதுதான் நடந்தது. ஜேசி ரோட்டில் ஒரு சாவிக்கடை. அரை மணி நேரத்தில் பிளேடால் கீறித் திறந்து, புது செல் போட்டு, பசை வைத்து மூடிக் கொடுத்தார். "ஒரிஜினல் பேட்டரி சார், ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். ரிமோட்டும் முன்பைவிட நன்றாகவே வேலை செய்தது. நாலாவது மாதம் சாவியின் முதுகு லேசாகப் புடைத்து, துளைக்குள் செருகும்போது இடித்தது. வேறொருவரிடம் கொடுத்துத் திறந்தபோது பார்த்தேன். செல் வயிறு உப்பி நின்றது. ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கத்தில் இருந்த செம்புத் தடத்தில் பச்சை ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் போர்டே போயிருக்கும்.

காரணம் எளிது. சிஆர் என்று தொடங்கும் செல்கள் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுவதற்கானவை, 3 வோல்ட். அவற்றுக்குள் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே வாயு உண்டாகி உப்பும், கசியும், வெடிக்கவும் கூடும். ஈ90 போன்ற காரில் சாவியைத் துளையில் வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றாலும் கார் சார்ஜ் ஏற்றிக்கொண்டேதான் இருக்கும். சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் அந்த ஒரு மணி நேரமும் ஏற்றும். விலையைக் கேட்டதும் மனம் சாயும் வழி இது. நான் இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இதிலேயே கொஞ்சம் மேலான வடிவம் ஒன்று உண்டு. சிஆர் செல்லோடு ஒரு சிறிய ஷாட்கி டையோடைச் சேர்த்துப் பற்றவைப்பது. மின்சாரம் செல்லிலிருந்து வெளியே போகும், வெளியிலிருந்து செல்லுக்குள் போகாது. டையோடில் கால் வோல்ட் போல இழப்பு உண்டு, அதைச் சாவி தாங்கிக்கொள்ளும். இதற்கு உண்மையான நன்மையும் இருக்கிறது. சிஆர்2025-இன் கொள்ளளவு சுமார் 160 மில்லியாம்பியர் மணி இருக்கும், சார்ஜ் ஏறும் செல்லில் அதில் கால் பங்குகூட இருக்காது. மகன் வெளிநாட்டில், கார் மாதம் ஒருமுறைதான் வெளியே போகிறது என்கிற வீட்டுக்கு இதுவே பொருத்தம். ஆனால் செய்கிறவர் கை சுத்தமானவராக இருக்க வேண்டும். டையோடைத் திருப்பி வைத்துவிட்டால் ரிமோட் உயிர் பெறாது. அந்த இடுக்கில் டையோடின் கம்பிக்கால் உரசினால் ஷார்ட் ஆகிவிடும்.

தினமும் ஓடும் காருக்கு என் ஓட்டு அதே வகைச் செல்லை அதே இடத்தில் வைப்பதற்குத்தான். இங்கே 'அதே வகை' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தவறுவது இங்கேதான். ஈ90 போன்ற துளைச் சாவியில் பெரும்பாலும் எல்ஐஆர்2025 இருக்கும். லித்தியம் அயான், 3.6 வோல்ட், நிறைந்தால் 4.2. அதற்கு முந்தைய பிஎம்டபிள்யூ வரிசைகளான ஈ46, ஈ53 கார்களின் வைரவடிவச் சாவியிலும், 2000-களின் முற்பகுதி ரேஞ்ச் ரோவர் சாவியிலும் இருப்பது விஎல்2020. அது வனேடியம் லித்தியம், 3 வோல்ட், 3.4 வோல்ட் அளவில் சார்ஜ் ஏறும். எண்ணில் முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு தடிமன். 2020 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 2.0 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்றால் தடிமன் 2.5. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். ஒன்றில்லை. விஎல் இருந்த சாவியில் எல்ஐஆர் போட்டால் 3.4 வோல்ட் அதற்குக் கால் வயிற்றுக் கஞ்சி, என்றைக்கும் நிறையாது. எல்ஐஆர் இருந்த சாவியில் விஎல் போட்டால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிச் சாகும். திறந்ததும் பழைய செல்லின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, பிறகு வாங்குங்கள்.

வாங்கும்போது கால் ஒட்டிய செல்லாகக் கேளுங்கள். வெறும் செல்லின் வயிற்றில் நேராக ஈயம் வைத்துச் சூடு காட்டினால் அது பிறந்த அன்றே பாதி செத்துவிடும். ஆலையிலேயே தகட்டுக்கால் ஒட்டி வருவதை வாங்கினால், சூடு கால் நுனியில் மட்டும்தான் படும். விஎல்2020-இல் கால்கள் 90 டிகிரியிலும் 180 டிகிரியிலும் தனித்தனியாக வரும். அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் இரண்டு தடவை அலைய வேண்டாம்.

ஜேசி ரோட்டுக்கும் எஸ்பி ரோட்டுக்கும் தூரம் அதிகமில்லை, டவுன் ஹாலைத் தாண்டி நடந்தே போய்விடலாம். எஸ்பி ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு மொபைல் போர்டு வேலை பார்க்கும் ஒருவரிடம்தான் கடைசியில் கொடுத்தோம். வேலூர்ப் பக்கத்துக்காரர். அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தே நம்பிக்கை வந்தது. முதலில் மல்டிமீட்டரை வைத்தார். உப்பிய செல்லில் 1.1 வோல்ட். பிளஸ் பக்கம் எது என்று போர்டில் பேனாவால் குறித்துக்கொண்டார். மூலையில் இருந்த செம்புக் கம்பிச் சுருளைக் காட்டி, "தம்பி, இதுல முடி மாதிரி ஒரு கம்பி அறுந்தாலும் கார் ஸ்டார்ட் ஆகாது. அதான் பிளேடை அந்தப் பக்கம் விடவே மாட்டேன்" என்றார். பச்சை பிடித்த தடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்தார். புது செல்லைப் பற்றவைத்து மீண்டும் அளந்தபோது 3.7. முன்னால் ஜேசி ரோட்டில் நான் இந்த எதையும் பார்க்கவில்லை. அளக்காமல் அறுக்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள் என்று அதற்குப் பிறகு கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன்.

செல் மாற்றிய பிறகும் ரிமோட் பேசவில்லை என்றால் பதற வேண்டாம். மின்சாரம் போய் வந்ததில் சாவியும் காரும் ஒன்றையொன்று மறந்திருக்கலாம். ஈ46 வகையில் வீட்டிலேயே நினைவூட்டலாம். கதவுகளை எல்லாம் மூடி, சாவியைப் போட்டு முதல் நிலைக்குத் திருப்பி, 5 நொடிக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவந்து வெளியே எடுங்கள். உடனே திறக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே பூட்டும் பட்டனை 10 நொடிக்குள் மூன்று முறை தட்டுங்கள். இரண்டையும் விட்டால் கதவு ஒருமுறை பூட்டித் திறந்து பதில் சொல்லும். இன்னொரு சாவி இருந்தால் அதையும் அதே கையோடு செய்துவிடுங்கள். துளைச் சாவி என்றால் செருகி இக்னிஷன் போட்டு, எடுத்துப் பாருங்கள்.

போர்டே செத்துவிட்டது, அல்லது சாவியே தொலைந்துவிட்டது என்றால்தான் புதுச் சாவி பற்றிப் பேச வேண்டும். ஷோரூமில் ஆர்சி புக்கும் அடையாள அட்டையும் காட்டினால், காரின் சேசிஸ் எண்ணுக்கென்றே வெட்டி, கோடிங் செய்த சாவியை வரவழைத்துத் தருவார்கள். இந்தக் கார்களில் 10 சாவிகளுக்கான இடம் முன்கூட்டியே ஒதுக்கியிருக்கும். புதுச் சாவி அதில் ஒன்றில் உட்கார்ந்துகொள்ளும், காரின் உள்ளே யாரும் கை வைக்கத் தேவையில்லை. செலவு அதிகம், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் ஆபத்து இல்லை.

வெளிக்கடைச் சாவி அதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். பலவற்றில் சிஆர்2032 போட்டுக்கொள்ள மூடியும் இருக்கும், சார்ஜ் தொல்லையே கிடையாது. அந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பயம் வேறு இடத்தில். காரின் பாதுகாப்பு மாட்யூலைப் படித்து, அதில் எழுத வேண்டும். எழுதும்போது கார் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கிவிட்டால் மாட்யூல் கெட்டு, காரை டோ செய்துதான் எடுத்துப்போக வேண்டிவரும். பேட்டரிக்கு வெளியிலிருந்து நிலையான சப்ளை கொடுத்துவிட்டு வேலை தொடங்குகிறாரா என்று பாருங்கள். சாவியின் அலைவரிசை 315-ஆ, 433-ஆ, 868 மெகாஹெர்ட்ஸா என்று பழைய சாவியைப் பார்த்துக் கேட்கிறாரா என்றும் பாருங்கள். இரண்டையும் செய்யாதவரிடம் நான் காரை விட மாட்டேன். கையில் வேலை செய்யும் சாவி ஒன்றாவது இருக்கும்போதே இதைச் செய்துகொள்வது நல்லது. எல்லாம் தொலைந்த பிறகு போனால் வேலையும் கூடும், செலவும் கூடும்.

மின் பல்துலக்கியின் சார்ஜர் மேல் சாவியை வைத்தால் சார்ஜ் ஏறும் என்று மாமாவுக்கு ஒரு நண்பர் சொன்னார். சில பழைய சாவிகளில் ஏறியதாகச் சொல்பவர்கள் உண்டு. உயிருள்ள, பசித்த செல்லுக்கு அது ஒரு வாய்ச் சோறு. செத்த செல்லை எழுப்பாது. 2015-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸோடு அறிமுகமான திரை உள்ள சாவி இதில் எதிலும் சேராது. அதற்கு மைக்ரோ யுஎஸ்பி துளை உண்டு, முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இப்போது மாமா இரண்டு சாவிகளையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்துகிறார். மாதம் பிறந்தால் அலமாரிச் சாவி சட்டைப்பைக்கு வரும், சட்டைப்பைச் சாவி அலமாரிக்குப் போகும். வருடக்கணக்கில் தொடாமல் கிடக்கும் லித்தியம் செல் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டால் மறுபடி சார்ஜ் ஏற்றுக்கொள்வதில்லை. எங்கள் இரண்டாவது சாவி அந்த நிலைக்கு மிக அருகில் இருந்தது. சரி, செல் மாற்றக் கொடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். மூடுவதற்கு ஃபெவிக்விக் வேண்டாம், மெல்லிய இரட்டைப் பக்க டேப் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தச் செல்லுக்கும் சில வருடங்கள்தான் ஆயுள், அடுத்த முறை பிளேடு இல்லாமலே திறக்க வேண்டும்.