கோஆக்சியலில் எஸ்ஏசிடி வரும் என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

செகண்ட் ஹேண்டில் ஹை-எண்ட் டிஸ்க் பிளேயர் தேடுகிறவர்கள் கவனத்துக்கு. ஒரு கடையில் ஒருவர் ஏமாந்த விதத்தை அப்படியே எழுதுகிறோம். கடையின் பெயர் வேண்டாம். அந்த விற்பனைப் பேச்சைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும், எந்தக் கடையில் கேட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

விற்றது ஹெச்டிஎம்ஐ இல்லாத பழைய யுனிவர்சல் பிளேயர். சிடி, டிவிடி-ஆடியோ (டிவிடியில் வந்த உயர்தர இசை டிஸ்க்), எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி, சிடியைவிட உயர்தர ஒலிப்பதிவு) எல்லாம் படிக்கும். "இந்த ஒரே கோஆக்சியல் கேபிளைச் செருகினால் எஸ்ஏசிடி டிஜிட்டலாகவே ரிசீவருக்குப் போய்விடும், சரவுண்டும் வரும்" என்றார்கள். கோஆக்சியல் என்பது பிளேயரின் டிஜிட்டல் ஒலியை ரிசீவருக்கு, அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு, ஒரே கம்பியில் அனுப்பும் இணைப்பு. அந்தக் கேபிளையும் தனி விலைக்குத் தலையில் கட்டினார்கள். கடையிலேயே ஒரு எஸ்ஏசிடியைப் போட்டுக் காட்டினார்கள், பாட்டும் வந்தது.

ஆனால் ஓடியது எஸ்ஏசிடி இல்லை. ஹைப்ரிட் டிஸ்க்கில் இரண்டு அடுக்கு உண்டு: ஒன்று எஸ்ஏசிடி, இன்னொன்று சாதாரண சிடி. பிளேயரின் லேயர் பட்டனை சிடி பக்கம் வைத்துவிட்டால் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் (சிடி பயன்படுத்தும் டிஜிட்டல் ஒலி வடிவம்) கோஆக்சியலில் தாராளமாக வரும். வீட்டில் சிடி அடுக்கே இல்லாத எஸ்ஏசிடியைப் போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. டிஸ்ப்ளேயில் நிமிடமும் நொடியும் ஓடுகின்றன, ரிசீவரில் பொட்டுச் சத்தம் இல்லை. பிளேயர் பழுது என்று நினைத்து அவர் லென்ஸ் துடைக்கக் கொடுத்திருக்கிறார். பிளேயரில் பழுதே இல்லை.

காரணம் கம்பியின் திறன் என்று பலர் நினைக்கிறார்கள். எஸ்ஏசிடியில் ஒலி பதிவாகும் வடிவமான டிஎஸ்டி சிக்னல் ஒரு சேனலுக்கு நொடிக்கு 28,22,400 பிட். ஸ்டீரியோ என்றால் சுமார் 5.6 மெகாபிட். 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் போகிற கோஆக்சியலில் அது அடங்கிவிடும். ஆறு சேனல் சுமார் 17 மெகாபிட், அதுதான் அடங்காது. ஸ்டீரியோகூட வராததற்குக் காரணம் காப்பித் தடுப்பு. குறியாக்கம் இல்லாத எஸ்/பிடிஐஎஃப் (கோஆக்சியலும் ஒளிக்கம்பியான ஆப்டிகலும் பயன்படுத்தும் முறை) வழியாக எஸ்ஏசிடி அடுக்கை வெளியே விட உரிம விதி அனுமதிக்கவில்லை, அதனால் பிளேயரே கோஆக்சியலையும் ஆப்டிகலையும் மௌனமாக்கிவிடுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த கேபிள் போட்டாலும் இது மாறாது.

எஸ்ஏசிடி டிஜிட்டலாக வர மூன்று வழிதான் நடைமுறையில் பார்க்கலாம். ஹெச்டிஎம்ஐ ஒன்று. சில சோனி, பயனியர் மாடல்களில் இருந்த ஐ-லிங்க் என்ற டிஜிட்டல் இணைப்பு இன்னொன்று. மூன்றாவது, டெனான் பிளேயர்களில் அந்த நிறுவனத்தின் சொந்த இணைப்பான டெனான் லிங்க். டெனான் லிங்க் சாக்கெட் பார்க்க அச்சு அசல் லேன் சாக்கெட் மாதிரியே இருக்கும், அதைக் காட்டி "நெட்வொர்க் பிளேயர்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அது அதே இணைப்பு உள்ள டெனான் ரிசீவரோடு மட்டும்தான் பேசும், அதிலும் பழைய பதிப்புகளில் எஸ்ஏசிடி போகாது.

ஹெச்டிஎம்ஐ இருந்தாலும் கேள்வி முடியவில்லை. டிஎஸ்டி சேர்ந்தது 2005 ஆகஸ்டில் வந்த 1.2 பதிப்பில். அதற்கு முந்தையது என்றால் பிளேயரே பிசிஎம் ஆக மாற்றி அனுப்பினால்தான் உண்டு. ரிசீவரையும் பாருங்கள்: ஆரம்பகால ரிசீவர்கள் சிலவற்றில் ஹெச்டிஎம்ஐ வெறும் வீடியோ சுவிட்ச், ஒலியை உள்ளே எடுக்கவே எடுக்காது.

கடையில் செய்யவேண்டிய சோதனை ஒன்றுதான். சிடி அடுக்கு இல்லாத எஸ்ஏசிடியைக் கையோடு கொண்டுபோங்கள். கிடைக்காவிட்டால் ஹைப்ரிட்டைப் போட்டு லேயர் பட்டனை நீங்களே எஸ்ஏசிடிக்கு மாற்றுங்கள். பிறகு காதை நம்பாமல் ரிசீவரின் இன்புட் சிக்னல் தகவலைப் பாருங்கள். டிஎஸ்டி என்றோ, பிசிஎம் 88.2 அல்லது 176.4 என்றோ வந்தால் சரி. பிசிஎம் 44.1 என்றால் சிடி அடுக்கு ஓடுகிறது, கிளம்பிவிடுங்கள்.

டிவிடி-ஆடியோவிலும் இதே வித்தை உண்டு. ஆப்டிகலில் 5.1 கேட்கும், ரிசீவரில் டால்பி டிஜிட்டல் என்று எரியும். அது டிஸ்க்கின் டிவிடி-வீடியோ பகுதியில் இருக்கும் சுருக்கிய டிராக். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் ஆறு சேனல் அந்தக் கம்பியில் வராது.

ப்ளூ-ரே பிளேயர் வாங்கி ட்ரூஹெச்டி (டால்பியின் தரம் குறையாத ஒலி வடிவம்) வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் மெனுவில் செகண்டரி ஆடியோவை (விளக்க உரை போன்ற கூடுதல் ஒலி) அணைத்துவிட்டு, ஆடியோ அவுட்புட்டை பிட்ஸ்ட்ரீமில் (டிஸ்க்கில் உள்ளதை அப்படியே அனுப்புவது) வையுங்கள். செகண்டரி ஆடியோ ஆனில் இருந்தால் பிளேயர் இரண்டு ஒலியையும் கலந்து மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். இதைக் கோளாறு என்று சொல்லி சர்வீஸ் கட்டணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் மனம் பொறுக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது. ஒப்போ யுடிபி-205 போன்ற பிளேயரில் இருக்கும் இஎஸ்எஸ் நிறுவனத்தின் டிஏசி சிப்புக்காக (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்குவது) கூடுதல் பணம் கேட்பார்கள். ஹெச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்குக் கொடுத்தால் அந்தச் சிப்புக்கு வேலையே கிடையாது, ரிசீவரின் டிஏசிதான் ஓடும். அனலாக் அவுட்டில் இணைக்கப்போவதில்லை என்றால் அந்தப் பணம் வீண்.

மேலே சொன்ன வாங்குநர் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "செட் ஓடுகிறதே, ஆறு ஆர்சிஏ கேபிள் வாங்கி 5.1 அனலாக்கில் போடுங்கள்" என்று பதில் வந்தது. வழி சரிதான், எஸ்ஏசிடி அதில் கேட்கும். ஆனால் அவருடைய ரிசீவரில் மல்டிசேனல் அனலாக் இன்புட்டே இல்லை. பில்லில் மாடல் எண் மட்டும்தான் இருந்தது, சொன்ன வாக்குறுதி எதுவும் இல்லை. நீங்கள் வாங்கும்போது "எஸ்ஏசிடி மல்டிசேனல், டிஜிட்டல் அவுட்புட், எந்த சாக்கெட் வழியாக" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த செட்டைத் தொடாதீர்கள்.